நெல்லின் கண்ணாடி இலையும் கரும்புத் தோகையும்: ஒரே வெயில், வேறு வேறு சமையல்

நெற்பயிர் கதிர் தள்ளுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு இலையை விரிக்கும். மற்ற இலைகளைவிடக் கொஞ்சம் கட்டையாக, அகலமாக, கதிருக்குப் பக்கத்திலேயே விறைத்து நிற்கும். அதற்குக் கண்ணாடி இலை என்று பெயர். சிறுவயதில் அந்தப் பருவத்தில் அப்பா என்னை வரப்பில் இறக்கிவிட்டுச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணாடி இலையில வெள்ளைக் கோடு விழுந்திருக்கா பாரு."

வெள்ளைக் கோடு இலைச்சுருட்டுப் புழுவின் வேலை. இலையின் இரண்டு ஓரங்களையும் நூலால் இழுத்து ஒட்டிக் குழல்போல ஆக்கிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். இலை கிழியாது, தண்டு ஒடியாது, வேருக்கு ஒன்றும் ஆகாது. செடி உயிரோடுதான் இருக்கும். ஆனால் அறுவடையில் தூற்றும்போது பதர் பறக்கும். வளரும் பருவத்தில் பத்து சதவீத இலைகள் சேதமானால் மருந்தடிக்கலாம் என்று சொல்லும் வேளாண் பரிந்துரை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவீதச் சேதத்துக்கே அதைச் சொல்கிறது. நெல்மணிக்குள் பால் பிடிப்பதற்கான சர்க்கரையில் பெரும்பங்கு மேலே இருக்கும் இரண்டு மூன்று இலைகளிலிருந்து, அதிலும் முக்கியமாக இந்தக் கண்ணாடி இலையிலிருந்துதான் இறங்குகிறது. பூப்பதற்கு முன்பே தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்தது இன்னொரு பங்கு. அதுவும் முன்னால் வந்த இலைகள் சமைத்ததுதான்.

உரம் போட்டதும் "பயிருக்குச் சாப்பாடு வச்சாச்சு" என்று சொல்வோம். அன்போடு சொல்வதுதான், ஆனால் யூரியா பயிருக்குச் சாப்பாடு இல்லை. அது சமையலறைக்கு வாங்கிப்போட்ட அடுப்பு, பாத்திரம் மாதிரி. சாப்பாடு காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது. இதை நம்புவது முதலில் யாருக்குமே கஷ்டம். வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய அறிஞர் 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்திருந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது ஏறத்தாழ இரண்டே அவுன்ஸ். அவர் இறந்த பிறகு, 1648இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. காற்றும் ஒரு கூட்டாளி என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதையே நம் வீட்டு அடுப்பில் வேறு மாதிரி பார்க்கலாம். விறகு எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்தான் மண் கொடுத்த பங்கு. காற்றிலிருந்து வந்தது புகையாகவும் கரியமில வாயுவாகவும் காற்றுக்கே போய்விடுகிறது. நெல் இதில் கொஞ்சம் விதிவிலக்கு. மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும் பயிர் அது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். களை எடுக்கும்போது நெல் இலை கையை அறுப்பதும் அந்தச் சிலிக்காவால்தான். அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்தோ முழுக்க முழுக்கக் காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஆனது.

அந்தச் சேர்க்கை நடக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூடக் கனமில்லாத இலை. மேலும் கீழும் ஒற்றை அடுக்குத் தோல், அதன்மேல் மெழுகுப் பூச்சு. தண்ணீர் வெளியே போகாமல் காப்பதற்கு அந்த மெழுகு. தோலில் ஆயிரக்கணக்கான இலைத்துளைகள். பல செடிகளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூறு, இருநூறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காப்புச் செல்கள். பொட்டாசியம் அயனிகள் உள்ளே வந்தால் பின்னாலேயே தண்ணீரும் வந்து, செல்கள் உப்பித் துளை திறக்கும். தண்ணீர் வடிந்தால் தொய்ந்து மூடும். மாமரம் வெயில் நேரே படாத அடிப்பக்கத்தில் துளைகளை வைத்திருக்கிறது. அல்லி இலைக்கு அடிப்பக்கம் குளத்துத் தண்ணீர் என்பதால் மேல்பக்கத்தில் வைத்திருக்கிறது. நெல் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறது.

இரண்டு தோலுக்கும் நடுவில்தான் பச்சைச் செல்கள். மா, புங்கை, பூவரசு போன்ற இலைகளைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மேல்பக்கம் வேலிக்கால்போல நெருக்கமாக நிற்கும் செல்களும், கீழே இடைவெளி விட்டுவிட்டுக் கிடக்கும் செல்களும் தெரியும். மேல் வரிசை வெளிச்சத்தைப் பிடிக்கிறது. கீழே உள்ள இடைவெளிகளில் காற்று உலவுகிறது. நெல் இலையில் இந்த இரண்டு அடுக்குப் பாகுபாடு கிடையாது. எல்லாப் பச்சைச் செல்களும் ஒரே மாதிரி, ஓரம் நெளிந்து நெளிந்து இருக்கும். உள்ளே பசுங்கணிகங்கள், அதாவது பச்சையம் இருக்கும் குட்டிப் பைகள், செல்லின் ஓரத்தை இடைவெளியே இல்லாமல் மூடியிருக்கும். ஏன் இப்படி நெருக்கி அடைத்திருக்கிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன், அதில்தான் நெல்லின் பாடு இருக்கிறது.

பசுங்கணிகத்துக்குள் தோசை அடுக்கி வைத்தாற்போலச் சவ்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். பச்சையம் உட்கார்ந்திருப்பது அந்தத் தட்டுகளில்தான். சிவப்பையும் நீலத்தையும் அது அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது; பச்சையைக் குறைவாக உறிஞ்சுவதால் அது நம் கண்ணுக்கு வருகிறது. பிடித்த வெளிச்சத்தின் பலத்தால் தண்ணீரை உடைக்கிறது. உடைந்ததில் ஆக்சிஜன் வெளியே போகிறது. மிஞ்சிய எலக்ட்ரான்களும் ஹைட்ரஜன் அயனிகளும், ஏடிபி என்றும் என்ஏடிபிஎச் என்றும் சொல்லப்படும் இரண்டு வகைச் சக்தி மூலக்கூறுகளை உருவாக்கப் போகின்றன. வெளிச்சத்தின் நேரடி வேலை இவ்வளவுதான். அடுத்து தட்டுகளைச் சுற்றியுள்ள திரவத்தில், அந்தச் சக்தியைச் செலவழித்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது.

வெளியே வரும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்து, சில நாள் கழித்து அதே காற்றில் மறுபடி மெழுகுவத்தி எரிவதைப் பார்த்தார். அதற்கு வெளிச்சம் வேண்டும், பச்சையான பாகங்களால்தான் முடியும் என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதை நேராகக் காட்ட 1941வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் கலிபோர்னியாவில் கனமான ஆக்சிஜன் அடங்கிய தண்ணீரைக் குளோரெல்லாப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த ஆக்சிஜனில் அந்தக் கனம் இருந்தது. தண்ணீரிலிருந்துதான் வருகிறது. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நர்சரியில் சொல்லப்படும் ஒரு தவறான செய்தியைச் சரிபார்க்கப் பின்னால் உதவும்.

கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைப் பாதைக்குள் இழுக்கும் நொதிக்கு, அதாவது வேதிவினையை நடத்தித் தரும் புரதத்துக்கு, ரூபிஸ்கோ என்று பெயர். உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுவாகத்தான் இருக்கும். நெல் இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த ஒரு நொதிக்குள் இருக்கிறது. வெளுத்த பயிர் யூரியா வைத்த சில நாளில் கருகருவென்று பச்சை கட்டுவதன் காரணமும் இதுதான்: நைட்ரஜன் பச்சையமாகவும் ரூபிஸ்கோவாகவும் மாறுகிறது. இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து யூரியா வைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

இவ்வளவு நைட்ரஜனை ஏன் ஒரே நொதியில் கொட்ட வேண்டும்? அது மகா மந்தம் என்பதால். மற்ற நொதிகள் பல ஒரு வினாடிக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வேலை முடிக்கும். ரூபிஸ்கோ முடிப்பது வினாடிக்கு மூன்று நாலு. மந்தம்கூடப் பரவாயில்லை, ஆள் மாறாட்டமும் செய்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கரியமில வாயுவோ பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். இந்தக் கூட்டத்தில் கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. ரூபிஸ்கோ உருவான காலத்தில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம், அதனால் இரண்டையும் கச்சிதமாகப் பிரித்துப் பார்க்கும் தேவை அதற்கு எழவில்லை. தவறிப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி சக்தியைச் செலவழித்து, ஏற்கனவே பிடித்த கரியமில வாயுவில் கொஞ்சத்தையும் வெளியே விட வேண்டியிருக்கிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். வெயில் ஏற ஏறத் தவறும் ஏறும். நெல் போன்ற பயிர்கள் பிடித்ததில் கால்வாசிவரை இப்படி இழக்கக்கூடும்.

வெளியேறும் அந்தக் கரியமில வாயுவை வழிமறித்துத் திரும்பப் பிடிக்கத்தான் நெல் இலையின் செல்லோரம் முழுக்கப் பசுங்கணிகம் சுவர்போல நிற்கிறது. உள்ளிருந்து எது வெளியே போனாலும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சிந்தியதைக் கையேந்திப் பிடிப்பது மாதிரி. எனக்கு நெல் இலையின் மேல் பிரியம் கூடியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

இதில் தண்ணீர்ச் சிக்கல் வேறு. ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள், நெல் போன்ற செடி ஏறத்தாழ 400 தண்ணீர் மூலக்கூறுகளை அதே துளை வழியாக வெளியே விட்டுவிடுகிறது. இலைக்குள் ஈரம் நிறைந்திருக்கிறது, வெளியே காய்ந்த காற்று; கதவைத் திறந்தால் போகத்தானே செய்யும். உச்சி வெயிலில் துளையைச் சற்று மூடிக்கொண்டால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் உள்ளே கரியமில வாயு குறைந்து ரூபிஸ்கோவின் தவறு இன்னும் கூடும். திறந்தால் தாகம், மூடினால் பசி. தண்ணீர் ரொம்பக் குறைந்தால் நெல் இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். மேல்தோலில் வரிசையாக இருக்கும் சில பெரிய செல்கள் தண்ணீர் வடிந்து சுருங்குவதால் நடப்பது அது. வெயில் படும் பரப்பைக் குறைத்துச் சமாளிக்கிறது.

அதே வெயிலில் பக்கத்துக் கொல்லையில் கரும்பு கம்பீரமாக நிற்கும். ஒரு நெல் இலையையும் ஒரு கரும்புத் தோகையையும் நுனிப்பக்கமாகக் கிள்ளி எடுத்து, சூரியனுக்கு நேராக அல்லாமல் வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டிலும் நரம்பு நெடுக ஓடும். கரும்பில் அவை நூல்நூலாக நெருக்கமாக இருக்கும். நெல்லில் ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏழெட்டுப் பச்சைச் செல்கள் வரை உட்கார இடமிருக்கும். கரும்பில் நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை விட்டால் பெரும்பாலும் இரண்டே செல்தான் நடுவில்.

அந்த உறையில்தான் விஷயம். கரும்பு நரம்பைச் சுற்றித் தடித்த சுவருள்ள பச்சைச் செல்கள் ஒரு வளையம். அதைச் சுற்றி இலையிடைச் செல்கள் இன்னொரு வளையம். 1880களில் இதைப் பார்த்த ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், ஜெர்மன் மொழியில் மாலை என்று பொருள்படும் கிரான்ஸ் என்ற சொல்லால் அதைக் குறிப்பிட்டார். மாலை எதற்கு என்பது விளங்க எண்பது வருஷம் ஆயிற்று. ஹவாய்த் தீவின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஹ்யூகோ கார்ட்சாக்கும் உடனிருந்தவர்களும், கதிரியக்கக் கரி (கார்பன்) கலந்த கரியமில வாயுவைக் கரும்புத் தோகைக்குக் கொடுத்தார்கள். மெல்வின் கால்வின் குழு பாசியில் கண்டுபிடித்து, 1961இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த பாதைப்படி முதலில் மூன்று கரி அணு கொண்ட அமிலம் வந்திருக்க வேண்டும். கரும்பிலோ நாலு கரி அணு கொண்ட மாலிக், அஸ்பார்ட்டிக் அமிலங்கள் வந்தன. 1965இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மார்ஷல் ஹாட்ச்சும் ரோஜர் ஸ்லாக்கும் அந்தப் பாதையின் முதல் வரைபடத்தைத் தந்தார்கள். நெல்லின் வழிக்கு சி3 என்றும் கரும்பின் வழிக்கு சி4 என்றும் பெயர் வந்தது அந்த முதல் அமிலத்தின் கரி எண்ணிக்கையால்.

கரும்பு செய்வது இதுதான். வெளி வளையச் செல்களில் ரூபிஸ்கோவை வைக்கவில்லை. அங்கே பெப் கார்பாக்சிலேஸ் என்ற வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடிக்கிறது. அது ஆக்சிஜனிடம் ஏமாறாது. பிடித்ததை மாலிக் அமிலமாக்கி உள் வளையத்துக்குத் தள்ளுகிறது. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு மறுபடி வெளிப்பட்டு, தடித்த சுவருக்குள் அடைபட்டு, வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு கூடுகிறது. ரூபிஸ்கோ அந்த அறைக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் கரியமில வாயுவாகவே இருக்கும்போது தவறுவதற்கு இடமில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு: அந்த உள்ளறைப் பசுங்கணிகங்களில் தோசை அடுக்கு அநேகமாகக் கிடையாது. தண்ணீரை உடைக்கும் வேலை அந்த அடுக்குகளில்தான் பெரும்பாலும் நடக்கிறது என்பதால், ரூபிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருவாவதே குறைவு.

பெப் கார்பாக்சிலேஸ் கொஞ்சம் கரியமில வாயு இருந்தாலும் பிடித்துவிடும் என்பதால் துளையை அகலத் திறக்க வேண்டியதில்லை. நெல்லுக்கு 400 தண்ணீர் மூலக்கூறு செலவாகும் இடத்தில் இந்த வகைச் செடிகளுக்கு ஏறத்தாழ 150 போதும். சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம் எல்லாமே இந்தக் கூட்டம்தான். மானாவாரி நிலத்துக்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்த தானியங்களின் பட்டியலை இலையைச் சீவிப் பார்த்து எழுதினாலும் இதேதான் வரும். அருகம்புல்லும் கோரையும் இந்த வகைதான், களையெடுத்தவர்களுக்கு அவற்றின் வேகம் தெரியும். ஆனால் இந்த ஏற்பாடு இலவசமில்லை. ஒவ்வொரு கரியமில வாயுவுக்கும் இரண்டு ஏடிபி கூடுதலாகச் செலவு. வெயில் கொட்டும் நாட்டில் அது கட்டுப்படியாகும், குளிர்ந்த நாட்டில் கட்டுப்படியாகாது. கோதுமை குளிர்காலப் பயிராக சி3 வழியிலேயே நன்றாக இருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. ரணகள்ளி இலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து, ஓரத்தில் குட்டிச் செடி முளைக்கிறதா என்று தினமும் திறந்து பார்த்திருப்போம். அந்த இலையின் தடிப்பு ஒரு சேமிப்புத் தொட்டி. மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆன பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் இந்தச் செடியின் இலையை வெவ்வேறு வேளையில் மென்று பார்த்தார். விடியலில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, சாயங்காலம் லேசாகக் கசப்பு. இதை இங்கிலாந்திலிருந்த ஒரு நண்பருக்குக் கடிதமாக எழுத, லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏடு 1815இல் அதை வெளியிட்டது. ஹெய்ன் 1819இல் சென்னை வேப்பேரியில் இறந்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் நாக்கால் கண்டுபிடித்தது சரி. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அதில் நச்சுப் பொருள்களும் உண்டு. கசக்கி லிட்மஸ் தாளில் வைத்தால் போதும்.)

ரணகள்ளி பகலில் துளைகளை மூடி வைக்கிறது. குளிர்ந்து ஈரம் ஏறிய ராத்திரிக் காற்றில் திறந்து, கரியமில வாயுவைப் பிடித்து, மாலிக் அமிலமாகச் செல்லுக்குள் தேக்குகிறது. விடியலில் தொட்டி நிறைந்து புளிக்கிறது. வெயில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அமிலத்தை உடைத்து, உள்ளே வந்த கரியமில வாயுவை ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. கரும்பு இரண்டு அறையாகப் பிரித்த வேலையை இது இரவு, பகல் என்று பிரிக்கிறது. அன்னாசி, கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, பல ஆர்கிட் வகைகள் இதே வழி. தண்ணீர்ச் செலவு நெல்லின் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வேகம்தான் குறைவு, தொட்டி கொண்ட அளவுக்குத்தான் மறுநாள் சமையல்.

இந்த வகைச் செடிகளைத் தொட்டியில் விற்கும்போது "ராத்திரியிலும் ஆக்சிஜன் கொடுக்கும், படுக்கையறையில் வையுங்கள்" என்று சொல்கிறார்கள். ரூபனும் கேமனும் காட்டியதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆக்சிஜன் தண்ணீரை உடைப்பதால் வருவது, உடைக்க வெளிச்சம் வேண்டும். ராத்திரியில் துளை திறப்பது கரியமில வாயுவை வாங்க மட்டுமே. அழகுக்காக வாங்குங்கள், அதற்குக் குறையில்லை.

கரும்பின் ஏற்பாட்டை நெல்லுக்குள் கொண்டுவர முடியுமா என்று பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2008 வாக்கில் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கியது. பல நாட்டு ஆய்வகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. மக்காச்சோளத்தின் நொதிகளை நெல்லில் வைப்பதுவரை வந்திருக்கிறார்கள். இலையின் கட்டுமானத்தையே மாற்ற வேண்டும் என்பதுதான் மலைப்பு: நரம்பு நெருங்க வேண்டும், உறைச் செல் தடித்துப் பச்சை பிடிக்க வேண்டும், இரண்டு அறைக்கும் நடுவில் அமிலம் போய்வர வாசல்கள் கூட வேண்டும். இயற்கையில் இந்த வழி வெவ்வேறு தாவரக் குடும்பங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு இருக்கும் தெம்பு.

அதுவரை நெல் தன் பழைய வழியில்தான் மணியை நிரப்பும். கண்ணாடி இலையில் பகல் முழுக்கக் கட்டிய சர்க்கரை, சுக்ரோஸாகப் புளோயம் குழாய்க்குள் ஏறி, பக்கத்திலேயே நிற்கும் கதிருக்கு இறங்குகிறது. மணிக்குள் போய் மாவுச்சத்தாகிறது. அதை நசுக்கினால் முதலில் வெள்ளைப் பால், பிறகு மெழுகுப் பதம், பிறகு பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் அரிசி. மணி முற்ற முற்ற இலை தன்னையே பிரித்துக் கொடுக்கத் தொடங்கும். அத்தனை நைட்ரஜனைக் கொட்டிக் கட்டிய ரூபிஸ்கோ உடைந்து, அதன் நைட்ரஜன் மணிக்குள் புரதமாகப் போய்ச் சேர்கிறது. பச்சையமும் உடைந்து மறைகிறது. வயல் பழுத்து மஞ்சளாகி, "இன்னும் பத்து நாள்ல கதிர் அறுத்துடலாம்" என்று அப்பா சொல்லும்போது, கண்ணாடி இலை பெரும்பாலும் காலியாகியிருக்கும்.